ஒரு மணிச் சங்கு

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபத்தாறு வருஷம் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எட்டு மணிக்கு வரவேண்டியவன் எட்டு ஐந்துக்கு வந்து "பஸ் லேட்டு சார்" என்று பல்லைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மகானுக்கும் கோபம் வரும். என் பெயர் ஸுந்தரராஜன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியில். வேலை, ராஜபாளையத்துக்குக் கிழக்கே வெள்ளைக்கரடு சுண்ணாம்புக்கல் குவாரியில். ஒரு நாளும் ஒரு நிமிஷம்கூட நான் தாமதமாகப் போனதில்லை. இதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பாள் என் மனைவி காஞ்சனா. சொல்லிக் காட்டாமல் வேறு எதற்கு நேரத்துக்குப் போவது?

அப்படிப்பட்ட நான், நானூறு பேரோடு சேர்ந்து ஒரே ஒரு தடவை ஒரு மகா மடத்தனம் செய்தேன். அதிலிருந்து எங்களை இழுத்து வெளியே போட்டவர் நூர்னிசா. குவாரி கேட்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறவர். இது அவரைப் பற்றியது. என்னைப் பற்றி நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெஸ்ஸை ஆரம்பித்தது அவர் கணவர் மதார் சாகிப். குவாரி திறந்த வருஷம், நான் வேலைக்குச் சேர்ந்ததும் அதே வருஷம்தான், கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டார். செங்கல்லைக் காசு கொடுத்து வாங்குவானேன், இத்தனை கல் சும்மா கிடக்கிறதே என்று குவாரிக் கல்லையே பொறுக்கி வந்து அழகாக அடுப்புக் கட்டினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை. சுண்ணாம்புக்கல்லை நாள்முழுக்கத் தீயில் வைத்தால் என்ன ஆகும்? சுண்ணாம்பு ஆகும். ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்ததும், அடுப்பும் புசுபுசுவென்று பொங்கிப் புகைந்து பொலபொலவென்று உதிர்ந்தது. சாம்பாரோடு தேக்சா அப்படியே தரையில் உட்கார்ந்தது.

"எங்க அவிய அடுப்புக் கட்டலை சார், சுண்ணாம்புக் காளவாசல் கட்டிருக்காக!" என்று நூர்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பேச்சை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். மதார் சாகிபும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாள் செங்கல் வந்தது.

எங்கள் குவாரியில் பாறைக்கு வெடி வைப்பது பகல் ஒன்றேகாலுக்கு. ஒரு மணிக்குச் சங்கு ஊதும். குழிக்குள் இருக்கிற அத்தனை பேரும் போட்டது போட்டபடி மேலே ஏறி, சிவப்புக் கொடியைத் தாண்டி வெளியே வந்துவிட வேண்டும். சங்கு கேட்டால் யோசிக்காதே, எழுந்து நட என்றுதான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருகிறார்கள். வெளியே வந்து எங்கே நிற்பது? எதிரே மெஸ். ஆகவே வெடிச் சங்குதான் எங்களுக்குச் சாப்பாட்டுச் சங்கும். ஊருக்கும் அதே கணக்குத்தான். ஒரு மணிச் சங்கு ஊதாமல் வெள்ளைக்கரட்டில் எந்த வீட்டிலும் தட்டு வைக்க மாட்டார்கள்.

நான் வீட்டுத் தயிர்சாதத்தை டிபன் பாக்ஸில் கொண்டுபோய் அந்த மெஸ்ஸின் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அங்கே போய் ஏன் உட்கார வேண்டும் என்று காஞ்சனா ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தாள். நூர்னிசா போடும் எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறதே, அதைச் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும். அந்த ஊறுகாய் விஷயத்தில் மட்டும் என்னிடம் ஆசாரம் கிடையாது. எனக்கென்று ஒரு சின்ன ஜாடியைத் தனியாக வைத்திருந்து, நான் உட்கார்ந்ததும், "இந்தாங்க சார், ஒங்க மருந்து" என்று கொண்டுவந்து வைப்பார். காஞ்சனாவுக்கு இது தெரியும். கண்டுகொள்ள மாட்டாள். ஒரே ஒரு நாள், "அந்த மாமி எத்தனை நாள் வெயில்ல வைக்கறான்னு கேட்டுண்டு வாங்கோ" என்றாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

நூர்னிசாவுக்கு ஒரே பையன், முகமது ரியாஸ். பொக்லைன் ஓட்டுவதில் அவன் கெட்டிக்காரன். கோழி முட்டையைக் கொடுத்தாலும் உடையாமல் அள்ளி வைப்பான் என்று டிரில்லிங் ஃபோர்மேன் ஐயாதுரை சொல்வார். ஆனால் எங்கள் குவாரியில் ஆள் எடுப்பது நின்று வெகுநாளாகிவிட்டது. இருந்த குழியில் கல் தீர்ந்துகொண்டு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ரியாஸ் ஓமனுக்குப் போனான். அங்கேயும் சுண்ணாம்புக்கல் குவாரிதான். "ஊரான் ஊர் மலையெல்லாம் தோண்டுதான், சொந்த ஊருல அவனுக்கு ஒரு குழி இல்லை பாருங்க" என்பார் நூர்னிசா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் மதார் சாகிப் அடுப்பு முன்னாலேயே சரிந்து விழுந்தார். ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்தார்கள். ரியாஸுக்கு லீவும் டிக்கெட்டும் கிடைத்து வந்து சேர்ந்தது நாலாம் நாள். வந்தவன் கபருஸ்தானுக்குப் போனான், மண்ணைத் தொட்டான், ஒரு மாதம் இருந்தான், போய்விட்டான். அவன் போன மறுநாளே நூர்னிசா மெஸ்ஸைத் திறந்துவிட்டார். வழக்கமாக என் மேஜையில் ஜாடியை வைத்ததும் நகர்ந்துவிடுகிறவர், அன்று அங்கேயே நின்றார்.

"சார், எம் மௌத்துக்காவது அவன் தோள் குடுக்கணும். எனக்கு வேற ஆசையே கிடையாது" என்றார்.

"அதெல்லாம் இப்போ என்ன பேச்சு" என்று எரிந்து விழுந்தேன். எனக்குத் துக்கம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அதற்குப் பிறகு அவர் போனில் பையனிடம் "எப்பம்லே வாரே?" என்று கேட்பதும், அந்தப் பக்கத்திலிருந்து "வாரேம்மா, வாரேன்" என்று வருவதும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார். கையில் மாவு இருக்கும்.

போன வருஷம்தான் கம்பெனி குவாரியை விரிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அனுமதி கிடைத்தால் கிழக்கே புதுக்குழி. இருக்கிற முந்நூறு பேருக்கும் இன்னும் முப்பது வருஷம் வேலை. புதிதாக நூற்று நாற்பது பேர், அதில் பொக்லைன் ஓட்டுகிறவர்கள் பதினொரு பேர். கிடைக்காவிட்டால் இரண்டே வருஷத்தில் கேட்டைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். அனுமதி தருவதற்கு முன்னால் சட்டப்படி ஊர்மக்களைக் கூட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். பதினொரு பேர் என்ற செய்தியை நான்தான் முதலில் நூர்னிசாவிடம் கொண்டுபோனேன். அன்று எனக்கு ஊறுகாய் இரட்டிப்பு.

ஆனால் வரைபடமும் வந்திருந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். புதுக்குழியின் சிவப்புக் கோடு மெஸ்ஸின் நடுவே போனது. அடுப்பு கோட்டுக்கு உள்ளே. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார்: "சார், அந்தப் படத்தைப் பாத்தீகளா?"

"பார்த்தேன்."

"நானுந்தான் பாத்தேன். கோடு எங்கடைக்குள்ளதான் போவுது. அதுக்கு எதுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீக? கடை போனா எதுக்க போட்டுக்கிடலாம் சார். புள்ளை போனா எங்கிட்டுப் போட்டுக்கிட?"

அதற்கு மேல் அவரிடம் யாரும் அனுதாபம் காட்டவில்லை. காட்டினால் கரண்டி வரும்.

கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தது. தயாரிப்பு முழுவதும் மெஸ்ஸில்தான் நடந்தது. ஆதரவாகப் பேச அறுபத்துமூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. வேறு யாரை நம்புவது? முதல் பேச்சு ஐயாதுரை. பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்று, "மாண்புமிகு அதிகாரி அவர்களே" என்று ஆரம்பித்துப் பழகினார். அவர் வீட்டில் கண்ணாடிக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். நூர்னிசா பேசப் பெயர் கொடுக்கவில்லை. "எனக்கு மைக்கெல்லாம் வராது. நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க, நான் சோறு போடுதேன்" என்றுவிட்டார்.

கூட்டம் புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. புரட்டாசி என்றால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கவுச்சி தொட மாட்டார்கள். சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க மலையேறுவார்கள். அந்த ஒரு மாதம் மட்டும் நூர்னிசா கறி படாத தனித் தேக்சாக்களை எடுத்து வெறும் குஸ்கா போடுவார். கூட்டத்தன்று நானூறு பேருக்குக் குஸ்கா. காலையிலேயே ஆக்கி, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே கங்கு கொட்டித் தம் போட்டுவிட்டார். வாசனை பந்தல் வரைக்கும் வந்தது. அதுவும் ஒரு காரணம் என்று பிற்பாடு சிலர் சொல்லிப் பார்த்தார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல். பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார், நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மாள், சிரிக்காத முகம். வீடியோ எடுக்கிறவர், குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாம் அவருடன் வந்திருந்தார்கள். கம்பெனி தன் திட்டத்தை வாசித்து முடிக்கவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. "முதலில் ஆட்சேபம் உள்ளவர்கள் பேசட்டும்" என்றார். நாலு பேர் பேசினார்கள். அதில் கடைசி ஆள் சீனிச்சாமி. குவாரிக்கு வடக்கே மாந்தோப்பு வைத்திருக்கிறவர். மெஸ்ஸுக்கு டீ குடிக்க வருகிறவர்.

"எங்க தோப்புல இலை பச்சையா இருந்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? லாரி கிளப்புத தூசியில அம்புட்டும் வெள்ளை. கிணத்துல தண்ணியும் கீழ போவுது. இன்னொரு குழி தோண்டினா நான் எங்க போக?" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவர் உட்கார்ந்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்து, ஆதரவாகப் பேச விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக வரலாம்" என்றார். நான் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். ஐயாதுரை தொண்டையைச் செருமினார்.

சங்கு ஊதியது.

முதலில் எழுந்தவன் நான்தான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பட்டியலைப் பைக்குள் திரும்பச் செருகினேன், நாற்காலிக்கு அடியில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்தேன், நடந்தேன். என் பின்னால் ஐயாதுரை. அவர் பின்னால் நானூறு பேர், பேச்சு இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, தினமும் குழியிலிருந்து ஏறி வருகிற அதே வரிசை. ஊர்ப் பெண்கள் வீட்டைப் பார்க்கத் திரும்பினார்கள். மூன்று நிமிஷத்தில் பந்தல் காலி. அங்கே மிஞ்சியது அதிகாரியும் அவர் ஆட்களும் சீனிச்சாமியும் ஒரு நாயும். ராஜபாளையம் என்றதும் பெரிய ஜாதி நாய் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணத் தெருநாய்.

மெஸ்ஸில் நான் என் மேஜையில் உட்கார்ந்து, பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்தைப் பிசைந்தும்விட்டேன். நூர்னிசா கரண்டியும் கையுமாக உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"என்ன சார், அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? என்ன சொன்னாக?"

"சங்கு ஊதிவிட்டது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. பையிலிருந்து பட்டியல் எட்டிப் பார்த்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாகச் செய்துவிட்டோம். அதுவும் நான், நேரம் எழுதுகிற நான்.

"யாரு பேசினா?"

கை கழுவப் போனவன் பாதி வழியில் நின்றான்.

"அட பாவிகளா! ஒருத்தன்கூடப் பேசலையா? அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு வந்துட்டீகளா?" அவர் குரல் குழிக்குள் வைத்த வெடி போலத்தான் இருந்தது. "எம் புள்ளை அங்க குப்பூஸ் ரொட்டியைக் கடிச்சிக்கிட்டு ஒங்க வாயை நம்பி உக்காந்திருக்கான். நீங்க வாயைத் தொறந்துக்கிட்டு இங்க வந்து நிக்கீக! ஏலே, ஒரு பருக்கை கிடையாது. தம்மை நான் ஒடைக்க மாட்டேன். போய்ப் பேசிட்டு வாங்க, பொறவுதான் சோறு. ஏலே, அங்க யாரு தண்ணி மோக்கிறது? வை செம்பை!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "பெரிய மனுசன், நீங்களுமா சார்?" என்று சொல்லி என் ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஓடினோம். ஐம்பத்தேழு வயதில் நான் ஓடினேன், வலது கையெல்லாம் தயிர்சாதம். பின்னால் கரண்டியை ஓங்கிக்கொண்டு நூர்னிசா. வீட்டுக்குப் போன பெண்களையும் தெருவில் நின்று, "ஏட்டி, அடுப்பை அணைச்சிட்டு வாங்கட்டி!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வழியில் சங்கு ரூமிலிருந்து பேச்சிமுத்து நிதானமாக இறங்கி வந்தான். இருபது வருஷமாகச் சங்கு ஊதுகிறவன்.

"ஏன்யா, இன்றைக்கு வெடி கிடையாது என்று சொன்னார்கள் இல்லையா? எதற்கு ஊதினாய்?" என்று கத்தினேன்.

"வெடி கிடையாதுன்னுதான் சார் சொன்னாக. சங்கு கிடையாதுன்னு யாரும் சொல்லலையே" என்றான்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. அவன் ஊதினான், நாங்கள் எழுந்தோம்.

பந்தலைப் பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பிரிக்கவில்லை. சீனிச்சாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது முப்பத்தி ஆறாவது மரம்மா. பங்கனப்பள்ளி. எங்க மாமனார் தேவதானத்துல இருந்து கன்னு கொண்டாந்து வச்சது. இப்பம் முப்பத்தி ஏழாவது மரத்தைச் சொல்லுதேன்..."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை முடிக்கட்டுமா என்று அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "நான் இன்னும் முடிக்கலைம்மா" என்று இவர் ஒன்றாம் மரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாராம். பேசிக்கொண்டிருக்கிற ஆளை நிறுத்திக் கூட்டத்தை மூட முடியாது. எங்களைப் பார்த்ததும் சீனிச்சாமி, "சரிம்மா, அம்புட்டுத்தான்" என்று மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லோரும் எங்கே போனீர்கள்?" என்றார் அதிகாரி.

நான் பட்டியலைப் பிரித்து ஐயாதுரையின் பெயரைப் படித்தேன். ஓடி வந்த மூச்சிரைப்பில் பத்து நாள் பாடம் செய்த பேச்சு முழுக்கப் பறந்துவிட்டது. "மாண்புமிகு..." என்றார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். "நான் ஆதரிக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

அவர் பார்வை பந்தல் வாசலில் கரண்டியோடு நின்றவர் மேல் போனது. "அம்மா, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

நூர்னிசா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மைக்குக்குப் போனார்.

"எனக்குப் பேசத் தெரியாதும்மா. நான் இவுகளுக்குச் சோறு போடுதவ. சங்கு ஊதினா இவுக எந்திரிச்சிருவாக, அது இவுக தப்பில்லை. எந்திரிக்காதவன் உசிரோட இருக்க மாட்டான். அப்படிப்பட்ட வேலைம்மா இது. அப்படிப்பட்ட வேலையா இருந்தாலும் இது எங்களுக்கு வேணும்" என்றார்.

குறிப்பு எழுதுகிறவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

"அந்தப் படத்துல செவப்புக் கோடு எங்கடை மேலதான் போவுது. எங்க வீட்டுக்காரவுக கட்டுன அடுப்பு. போவட்டும். அவிய மௌத்தான அன்னைக்கு எம் பையன் ஓமன்ல மெசினு மேல உக்காந்திருந்தான். நாலாம் நாளு வந்து வெறும் மண்ணைத் தொட்டுட்டுப் போனான். இந்த ஊருல எம்புட்டு வீட்டுல இப்படி நாலாம் நாளு வந்த புள்ளைக இருக்கு, கேட்டுப் பாருங்க. இங்க வேலை இருந்தா புள்ளைக அன்னன்னைக்கே வீட்டுக்கு வந்துரும்."

முன்வரிசையில் இருந்த சீனிச்சாமியைக் கை காட்டினார்.

"ஆனா அண்ணாச்சி சொன்னதும் நெசந்தாம்மா. என் தேக்சா மூடியிலயும் அதே தூசிதான். தண்ணி லாரி மூணு வேளையும் ரோட்டுல அடிக்கணும். குழியில ஊறுத தண்ணியை அவிய தோப்புக்கு விடணும். வேலையை ஊர்ப்புள்ளைகளுக்குக் குடுக்கணும். இதையும் சேத்து எழுதிக்கிடுங்க. எழுதினப்புறம் எங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். நான் சோத்தைத் தம்முல வச்சிட்டு வந்திருக்கேன், பரவாயில்லை, இருக்கேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன், வீடியோவிலும் இருக்கும். "இந்த அம்மா சொன்னதை ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். தூக்காத கையே இல்லை. நானும் தூக்கினேன், என் கையில் கரண்டி இருந்தது. சீனிச்சாமி கையைப் பாதி தூக்கி, "தண்ணி லாரி வந்தா முழுசாத் தூக்குவேன்" என்றார். பட்டியலில் மிச்சமிருந்த அறுபத்திரண்டு பேரும் பேசினார்கள். பசி காரணமாகச் சுருக்கமாகப் பேசினார்கள்.

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி முடித்தபோது மணி மூன்றேகால். தம்மை உடைத்ததும் முதல் தட்டு சீனிச்சாமிக்குப் போனது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் ஐயா, நீங்கள் சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பீர்களே?" என்று கேட்டேன்.

"காலி நாற்காலியை ஜெயிச்சு என்ன செய்ய? எதுக்கணும்னா ஆளு இருக்கும்போது எதுக்கணும்" என்றார். குஸ்காவை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "எம் மவனும் கோயம்புத்தூர்லதான சார் கெடக்கான்" என்றார்.

என் மேஜைக்கு ஜாடி திரும்பி வந்தது.

எட்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. தண்ணீர் லாரியும் வந்தது. ஒரு நாள் மூன்றாம் வேளை ஓடாவிட்டால் சீனிச்சாமி கேட்டில் வந்து நிற்கிறார். கம்பெனிக்கு அவரைக் கண்டால் பயம். பொக்லைன் பரீட்சைக்கு நாற்பது பேர் வந்தார்கள். எடுத்த பதினொரு பேரில், ஓமனிலிருந்து வந்த ரியாஸ் இரண்டாவது. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன், "என்ன விசேஷம் சாமி?" என்றான். "பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது" என்றேன். எனக்குப் பையன் கிடையாது. திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.

புது மெஸ் தெற்கு கேட்டுக்கு எதிரே எழும்பியது. தகரம் அதே தகரம், பலகை அதே பலகை. அடுப்பைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. அது மட்டும் பழைய இடத்தில், வெயிலில், தனியாக நின்றது.

போன மாதம் அந்த இடத்தைத் தோண்டும் நாள் வந்தது. யார் தோண்டுவது என்று கேட்டபோது ரியாஸ், தானே செய்வதாகச் சொல்லிவிட்டான். மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினான். வாளியைத் தூக்கினான். இறக்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஆயிற்று. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐயாதுரை என்னைப் பார்த்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், தூசி.

கயிற்றுக்கு வெளியே நின்ற நூர்னிசா கையைத் தட்டினார். "ஏலே ரியாஸு! அத்தா கட்டுனதை அடுத்தவன் வந்து இடிக்கவா? நீயே இறக்குலே. ஒரு மணிக்குள்ள முடி, சோறு ஆறிப்போயிரும்!"

வாளி இறங்கியது. முட்டையை அள்ளுவதுபோல அள்ளினான். நூர்னிசா அதைப் பார்த்துவிட்டு, முக்காட்டால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, புது மெஸ்ஸைப் பார்க்க வேகமாக நடந்தார்.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. கால் எழுந்தது, போனோம். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, தட்டும் வைத்தாயிற்று. நான் தயிர்சாதத்தைப் பிசைந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் இரண்டாவது தடவையாக, சங்கு ஊதியும் தம் உடையவில்லை. நூர்னிசா கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "நூர்னிசாம்மா, மணி ஒன்று ஐந்து! ஊறுகாய் எங்கே?" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை.

"செத்த பொறுங்க சார். எம் பையன் வாரான்" என்றார்.

நான் பொறுத்தேன். ரோட்டில் மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரியாஸ் நடந்து வருவது எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் இன்னொரு தடவை சொன்னார்.

"எம் பையன் வாரான்."